கொழும்புப் போத்தல்

எங்கள் டொக்டர் ஐயா எந்தக் கட்டுரையையும் தலையிலிருந்து வாசித்ததை நான் கண்டதில்லை. வாலிலிருந்துதான் தொடங்குவார். மருத்துவச் சஞ்சிகைகளில் ஒவ்வொரு கட்டுரையும் முடிந்த பிறகு பொடி எழுத்தில் ஒரு வரிசை வருமே, அதைத்தான் வால் என்கிறேன். இன்னார் இன்ன சஞ்சிகையில் முன்பே இப்படி எழுதியிருக்கிறார், அதைப் பார்த்துத்தான் நானும் சொல்கிறேன் என்று எழுதியவர் கைகாட்டும் இடம். மற்ற டொக்டர்மார் அந்தப் பக்கம் கண்ணைக்கூடத் திருப்பமாட்டார்கள். இவருக்கு அதுதான் சோறு. கட்டுரை தொட்டுக்கொள்ள.

ஹட்டனுக்கு மேலே, மேகம் கதவைத் தட்டாமல் உள்ளே வருகிற உயரத்தில் இருந்தது எங்கள் தேயிலைத் தோட்ட ஆஸ்பத்திரி. சுற்றியிருந்த தோட்டங்களுக்கெல்லாம் பொதுவானது. நான் அங்கே கிளாக்கர். மருந்து கலக்கும் வேலையும் என் தலையில்தான். முப்பதைத் தாண்டி, இரண்டு பிள்ளைக்குத் தகப்பனாகி, உலகத்திலுள்ள எல்லா வியாதியும் எனக்கு இருப்பதாக நம்பிக்கொண்டிருந்த காலம் அது. இப்போது ஐம்பதை நெருங்குகிறேன். நம்பிக்கை குறையவில்லை, வியாதிகளின் பெயர்தான் மாறியிருக்கிறது.

டொக்டர் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். மனைவி தவறி வெகுகாலம். ஆஸ்பத்திரிக்கு மேலே இருந்த குவார்ட்டர்ஸில் தனியாக இருந்தார். துரைமாரின் கிளப்புக்கு அவரை அழைக்கமாட்டார்கள், நிறம் சரியில்லை. எங்களைப் போன்ற ஸ்டாஃபோடு உட்கார்ந்து சீட்டாட அவர் வரமாட்டார், பழக்கமில்லை. நடுவில் கிடந்த அந்த ஒற்றை மேட்டில் அவருக்குத் துணை, தபாலில் வரும் சஞ்சிகைகள். அவருடைய வாயில் அதிகம் வந்த வார்த்தை ஒன்றுதான்: "ஆர் சொன்னது?"

கணக்கப்பிள்ளை வந்து, "இன்னைக்கு மழை புடிச்சுக்கும் போலிருக்குங்க ஐயா" என்பார்.

"ஆர் சொன்னது?"

"வானத்தப் பாத்தாலே தெரியுதுங்களே."

"வானத்தைத் தவிர வேற ஆர் சொன்னது?"

கணக்கப்பிள்ளை என்னைப் பார்ப்பார். நான் மருந்துப் போத்தலைப் பார்ப்பேன். கொஞ்ச நேரத்தில் மழை வந்து எல்லாரையும் காப்பாற்றும்.

ஒருவன் எத்தனை கெட்டிக்காரனாக இருந்தாலும் அவன் சொன்னதை இன்னொருவன் எடுத்துச் சொல்கிற வரைக்கும் அது வெறும் சத்தம் என்பது அவர் கட்சி. ஒரு சஞ்சிகை பெரியதா சிறியதா என்பதை அட்டையின் பளபளப்பு சொல்லாது, அதை நடத்துகிறவரின் பட்டங்கள் சொல்லாது. மற்றச் சஞ்சிகைகள் அதை எத்தனை முறை எடுத்துச் சொல்கின்றன என்பதுதான் சொல்லும். இதை அவர் வாயால் சொல்லிவிட்டு விடவில்லை. அளந்தார்.

மருந்தறை ஜன்னலோரம் ஒரு பலகைத்தட்டு. அதில் பேதி உப்பு வந்து காலியான அகன்ற வாய்ப் போத்தல்கள். ஒவ்வொரு சஞ்சிகைக்கும் ஒரு போத்தல். பெயர்களெல்லாம் நீளமான இங்கிலீஷ் பெயர்கள் என்பதால் ஊர்ப்பெயரை எழுதி ஒட்டியிருந்தார்: லண்டன், அமெரிக்கா, பம்பாய், கொழும்பு. அமெரிக்கச் சஞ்சிகையின் ஒரு கட்டுரை வாலில் லண்டன் சஞ்சிகையின் பெயர் வந்தால், லண்டன் போத்தலில் ஒரு புளியங்கொட்டை விழும். பம்பாயின் வாலில் அமெரிக்கா வந்தால் அமெரிக்காவுக்கு ஒரு கொட்டை. கொட்டை சப்ளை, எங்கள் ஆஸ்பத்திரி அட்டெண்டன் மாரியாயி அக்கா. நோயாளிகளுக்குச் சமைக்கிற ரசத்தின் புளி முழுக்க இப்படித்தான் உலக வைத்தியத்துக்குச் சேவை செய்தது.

லண்டன்காரன் தன் வாலில் தன்னையே சொல்லிக்கொண்டால் கொட்டை கிடையாது. "வீட்டுக்குள்ள கதைக்கிறது கணக்கில்லை ஐசே. தன்னைத் தானே ஆரும் சொல்லலாம்" என்பார். அப்புறம் இன்னொரு நியாயமும் வைத்திருந்தார். தடித்த சஞ்சிகையில் கட்டுரை அதிகம், ஆகவே கொட்டையும் அதிகம் விழும். அது பெருமையில்லை, உடம்பு. ஆகவே போத்தலில் இருக்கிற கொட்டையை, அந்தச் சஞ்சிகை வெளியிட்ட கட்டுரைகளின் எண்ணிக்கையால் பிரித்துப் பார்ப்பார். அப்படிப் பிரித்ததில் ஒரு முறை தடித்த அமெரிக்கா மெலிந்த பம்பாயிடம் தோற்றுப்போய் நின்றது. அன்றைக்கு டொக்டர் ஐயா தேநீருக்கு இரண்டு கரண்டி சீனி போட்டுக்கொண்டார்.

போத்தல்கள் ஜன்னலோரம் இருந்ததால் வெளியே வரிசையில் நிற்கிறவர்களுக்கும் தெரியும். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற ஒருவர், இருமலோடு வந்தவர், என் மருந்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இது வேணாங்க கிளாக்கரய்யா. அந்தா, நெறஞ்ச போத்தல்ல இருக்கே, அந்தக் கொட்டை மருந்தக் குடுங்க."

"அது மருந்து இல்லப்பா."

"தெரியும் தெரியும். எல்லாம் தொரைக்கும் பேக்டரி டீமேக்கருக்கும்தான் குடுப்பீங்க. நமக்குன்னா இந்தச் செவப்புத் தண்ணி."

அவரைச் சமாதானப்படுத்த முடியாமல் ஒரு கொட்டையைக் கொடுத்து அனுப்பினேன். மறுவாரம் இருமல் போய்விட்டதென்று சொல்லி இன்னும் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். டொக்டர் ஐயா விஷயத்தைக் கேட்டு, "மூண்டு பேர் எடுத்துச் சொல்லினம் எண்டால் அதை லேசாத் தள்ள ஏலாது" என்றார். அவர் பகிடி விட்டாரா, மெய்யாகத்தான் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

சஞ்சிகைகளை நானும் வாசிப்பேன். அறிவு வளர்க்க அல்ல. எனக்கு என்ன வியாதி என்று தெரிந்துகொள்ள. ஒரு நாள் ஒரு கட்டுரையில், உள்ளங்கை வியர்ப்பது, சாப்பிட்டதும் தூக்கம் வருவது, மேலதிகாரியைக் கண்டால் நெஞ்சு படபடப்பது இவையெல்லாம் சேர்ந்தால் ஒரு அபூர்வ வியாதி என்று போட்டிருந்தது. மூன்றும் எனக்கு இருந்தன. மனைவிக்கு எழுத வேண்டியதை மனதுக்குள் எழுதிக்கொண்டே டொக்டர் ஐயாவிடம் ஓடினேன். அவர் என் நாக்கைப் பார்க்கவில்லை, நெஞ்சைத் தொடவில்லை. சஞ்சிகையை வாங்கி, வாலைப் பார்த்தார்.

"இதை எழுதினவன் தன்னைத்தானே சொல்லியிருக்கிறான். வேற ஒருத்தனும் இதைத் தொடேல்லை. இன்னும் ரெண்டு பேர் எடுத்துச் சொல்லும் மட்டும் உமக்கு இந்த வருத்தம் வர ஏலாது. போம்."

போனேன். அந்த இரண்டு பேர் எழுதிவிடுவார்களோ என்று பல மாதம் ஒவ்வொரு தபாலையும் நடுங்கிக்கொண்டே பிரித்தேன்.

அப்படிப் பயந்து பயந்து அவர் பக்கத்தில் நின்று பார்த்ததில்தான் இன்னொன்று என் கண்ணில் பட்டது. வால்களில் பெயர்கள் அகரவரிசையில் இருக்கும். டொக்டர் ஐயாவின் விரல் மேலிருந்து இறங்காது. முதலில் நேராக அடிப்பக்கத்தில் ஓர் இடத்துக்குப் போகும். அங்கே கொஞ்சம் நிற்கும். பிறகுதான் மேலே ஏறி, ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கும். எல்லா வாலிலும் அதே இடம். என்ன எழுத்து அது என்று எட்டிப் பார்த்தேன். அவருடைய பெயர் தொடங்குகிற எழுத்து.

பல வருஷத்துக்கு முன்னால், ராகலைப் பக்கம் வேலை பார்த்த காலத்தில், கொழும்புச் சஞ்சிகையில் ஒன்றரைப் பக்கத்தில் ஒரு சிறு குறிப்பு எழுதியிருந்தார். அவர் பெயர் அச்சில் வந்தது அந்த ஒரு முறைதான். அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. பழைய இதழ்களைத் தூசி தட்டும்போது நானாகக் கண்டேன். அதில் பயப்படும்படியான வியாதி ஒன்றும் இல்லாததால் நான் வாசிக்கவில்லை.

கொழும்புப் போத்தலில் ஒரு கொட்டையும் கிடையாது. லண்டன் வழிந்தது, அமெரிக்கா நிறைந்தது, பம்பாய் பாதி. கொழும்பு மட்டும் கழுவி வைத்ததுபோல் பளிச்சென்று நின்றது.

அந்த வருஷக் கடைசியில் தோட்டத்து மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. இனிமேல் ஆஸ்பத்திரிக்குச் சஞ்சிகை மூன்றுதான். எதை நிறுத்துவதென்று டொக்டரே முடிவுசெய்து தைப்பொங்கல் கழிந்ததும் எழுதி அனுப்ப வேண்டும். நான் மெல்ல, "கொழும்பு நம்ம ஊருதானேங்க ஐயா, அத வச்சுக்கலாமே" என்றேன்.

"போத்தல் சொல்லட்டும்" என்றார். "பொங்கலுக்கு முதல் ஒரு கொட்டை விழுந்தாலும் யோசிப்பம்."

அந்த ஒரு கொட்டை அவருடைய குறிப்புக்காக விழ வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. விரல்தான் ஒவ்வொரு வாலிலும் போய் நின்றுகொண்டிருந்தது. பொங்கலுக்கு, தங்கை மகளின் கல்யாணம் என்று யாழ்ப்பாணம் போனார். போகும்போது, தபாலில் வருவதை எண்ணிக் கொட்டை போடும் பொறுப்பை என்னிடம் விட்டார். அந்த வாரம் வந்தவற்றை எழுத்தெழுத்தாகப் பார்த்தேன். கொழும்பின் பெயர் எங்கும் இல்லை. பொங்கலுக்கு மருந்தறையைப் பூட்டி, சாவியை மாரியாயி அக்காவிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

திரும்பி வேலைக்கு வந்த காலை, டொக்டர் ஐயா எனக்கு முன்பே மருந்தறையில் நின்றார். தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. என்னைக் கண்டதும், "பொங்கல் எப்பிடி? பிள்ளையள் சுகமே?" என்றார்.

என் பிள்ளைகளைப் பற்றி அவர் அதற்கு முன் கேட்டதே இல்லை. எனக்கு ஏதோ மோசமான வியாதி இருப்பது அவருக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்துக் கதிரையைப் பிடித்துக்கொண்டேன். அவர் ஒரு பொட்டலம் பனங்கட்டியை என் கையில் வைத்துவிட்டு, ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்தபடி வார்டுக்குப் போனார். அப்போதுதான் பலகைத்தட்டைப் பார்த்தேன்.

எல்லாப் போத்தலுக்கும் குங்குமப் பொட்டு வைத்திருந்தது. கொழும்புப் போத்தலின் அடியில் ஒரு பிடி புளியங்கொட்டை.

பதற்றத்தில் மனிதன் என்னவெல்லாம் செய்வான் என்பதற்கு நானே சாட்சி. முதலில் எலியைச் சந்தேகித்தேன். பிறகு, தூக்கத்தில் நடந்து வந்து நானே போட்டிருப்பேனோ, அதுவும் ஒரு வியாதிதானே என்று என் நாடியைப் பிடித்துப் பார்த்தேன். நாடி கிடைக்கவில்லை, தப்பான பக்கத்தில் பிடித்திருந்தேன். கடைசியில் குசினிக்கு ஓடினேன்.

"அக்கா, அந்தப் போத்தல்ல கொட்டை போட்டது யாரு?"

"நான்தான். ஏன் இப்புடி மூச்சு வாங்குது?"

"எதுக்குப் போட்டீங்க?"

"பொங்கலன்னைக்கு எல்லாத்தையும் தொடைச்சுப் பொட்டு வச்சேன். அது ஒண்ணு மட்டும் வெறுசாக் கெடந்துச்சு. நல்ல நாளும் அதுவுமா ஏனத்த வெறுசா வைக்கலாமா? நம்ம லயத்து வீட்டுல வைப்போமா?"

"அது ஏனம் இல்லக்கா, அது... அது கொழும்பு!"

"கொழும்புன்னா மட்டும் வெறுசாக் கெடக்கலாமா?"



உடனே போய் டொக்டர் ஐயாவிடம் சொல்லத்தான் கிளம்பினேன். வார்டில் அவர் ஒரு கிழவரின் கட்டிலில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பல் இத்தனை இருக்கிறதென்று அன்றுதான் தெரியும். வாயைத் திறந்தேன். "ஐயா, இருமல் மருந்து தீருது" என்றேன். அரைமணி கழித்து மறுபடியும் போனேன். "பஞ்சும் தீருதுங்க" என்றேன். மத்தியானத்துக்குள் ஆஸ்பத்திரியில் இருந்த எல்லாப் பொருளும் தீர்ந்துகொண்டிருப்பதாக அறிவித்திருந்தேன்.

ஆனால் என்னைவிடப் பெரிய அதிசயம் அவர்தான். மழைக்கும் சாட்சி கேட்கிற மனுஷன். எந்த இதழ், எந்தப் பக்கம், ஆர் சொன்னது என்று அவர் கேட்கவில்லை. மருந்தறைக்குள் வருவார், போத்தலை ஒரு பார்வை பார்ப்பார், போய்விடுவார். கேட்டுவிடுவாரோ என்று எனக்குப் பயம். கேட்டால் போய்விடுமோ என்று அவருக்குப் பயம். ஒரே அறைக்குள் இரண்டு பயங்கொள்ளிகள்.

மூன்று மணித் தேநீருக்கு உட்கார்ந்தார். மாரியாயி அக்கா மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். டொக்டர் ஐயா கோப்பையைக் கீழே வைத்தார்.

"சரி. ஆர் சொன்னது?"

நான் மருந்துப் போத்தலைப் பார்த்தேன்.

"எந்தச் சஞ்சிகை? பக்கத்தைக் காட்டும் பாப்பம்."

"ஐயா... அது வந்து..."

"அத நான் போட்டதுங்க ஐயா" என்றார் அக்கா, துணியைப் பிழிந்தபடி. "பொங்கலுக்கு வெறுசா இருந்துச்சு. அதான்."

டொக்டர் ஐயா கோபப்படுவார் என்று நான் காத்திருந்தேன். கோபப்பட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும். அவர் தலையை மட்டும் ஆட்டினார். எழுந்து போய்ப் போத்தலைச் சாய்த்துக் கொட்டைகளை உள்ளங்கையில் வாங்கி, அக்காவிடம் கொடுத்தார். மேசைக்குத் திரும்பி, பேனாவைத் திறந்து மேலிடத்துக்கு எழுதினார்: லண்டன், அமெரிக்கா, பம்பாய் தொடரட்டும். கொழும்பு வேண்டாம்.

"ஐயா, இன்னும் ஒரு வருசம் பாக்கலாமுங்க. ஐயா எழுதினதே அதுலதானே இருக்கு" என்று உளறினேன். எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. காது நுனி சிவந்தது.

"அதுக்காகத்தான் ஏலாது. தன்னைத் தானே சொல்லுறது கணக்கில்லை எண்டு நான்தானே சொன்னனான்."

அக்கா துணியோடு நின்றுவிட்டார். "ஐயா எழுதியிருக்கீங்களா? என்னங்க எழுதுனீங்க?"

இப்போது யோசித்தால், அந்தக் கேள்வியை அதுவரை அவரிடம் யாரும் கேட்டிருக்கவில்லை. நானுமல்ல. அவர் பேனாவை மூடி வைத்தார். பிறகு அலமாரியின் அடித்தட்டிலிருந்து பழைய இதழை எடுத்து, நின்றபடியே, இங்கிலீஷைப் பார்த்துத் தமிழில் சொன்னார். ராகலையில் கொழுந்து எடுக்கிற மூன்று பெண்கள். கூடைக் கயிறு உச்சந்தலையில் அழுத்தி அழுத்தி, முடி கொட்டி, கழுத்து விறைத்து, கை மரத்துப்போய் வந்தார்கள். மருந்து கொடுத்தும் கேட்கவில்லை. பழைய சீலைத் துணியை நாலாக மடித்துக் கயிற்றுக்கு அடியில் வைத்து, கயிற்றைக் கொஞ்சம் பின்தள்ளிப் போடச் சொன்னார். சில வாரத்தில் வலி குறைந்தது. இவ்வளவுதான் குறிப்பு.

அக்கா கதை கேட்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தார். "அப்பொறம்?"

"அப்புறம் ஒண்டுமில்லை. அவ்வளவுதான் எழுதினது."

"எழுதுனது சரிங்க. அந்தப் பொம்பளைங்க அப்பொறம் என்ன ஆனாங்க?"

டொக்டர் ஐயா இதழை மூடினார், திறந்தார், கடைசிப் பக்கத்தைப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை.

"தெரியாது" என்றார். அவர் அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அடுத்த சனிக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு ராகலைக்குப் புறப்பட்டார். நான் துணைக்கு வந்தேன் என்பது பேச்சுக்கு. நுவரெலியா தாண்டிய வளைவுகளில் நான் ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த பிடியில், அவர்தான் எனக்குத் துணை. மூன்று பெண்களின் பெயரும் அவருக்கு ஞாபகம் இருந்தது.

ஒருத்தி இறந்துபோயிருந்தாள். ஒருத்தி குடும்பத்தோடு கப்பலேறி இந்தியா போய்விட்டாளாம். மூன்றாமவள் வேலையை விட்டுவிட்டு லயத்து வாசலில் வெயில் காய்ந்துகொண்டிருந்தாள். டொக்டர் ஐயா தொப்பியைக் கழற்றி முன்னால் நின்றார்.

"என்னைத் தெரியுதோ?"

அவள் கையைக் கண்ணுக்கு மேல் வைத்துப் பார்த்தாள். "யாருங்க? இந்தியா போகப் பேர் பதியுற ஐயாவா?"

"டொக்டர். முந்தி இஞ்ச இருந்தனான்."

"எத்தனையோ டாக்டருங்க வந்தாங்க, போனாங்க. ஒக்காருங்க சாமி, தேத்தண்ணி ஊத்தச் சொல்றேன்."

"தலைவலி இருக்கோ இப்ப?"

"தலைவலியா? எனக்கா? முட்டிதாங்க வலிக்குது."

அந்த நேரம் மத்தியானக் கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு அவளுடைய மகள் வந்தாள். கூடையைத் தலையிலிருந்து இறக்கினாள். கயிற்றுக்கு அடியில் நாலாக மடித்த சீலைத் துணி. பின்னால் வந்த பெண்ணின் தலையிலும். அதற்குப் பின்னால் வந்தவள் தலையிலும். டொக்டர் ஐயா பார்த்துக்கொண்டே நின்றார்.

"உந்தத் துணியை எப்ப தொடக்கம் வைக்கிறனீங்கள்?" என்றார்.

மகள் சிரித்தாள். "எப்பவும் வைக்கிறதுதாங்க. இந்தத் தோட்டத்துல எல்லாரும் இப்புடித்தான் போடுவோம். ஏங்க, தப்பா?"

எனக்கு வாய் துறுதுறுத்தது. இவர்தான் தாயே, இவர் சொல்லித்தான், கொழும்பில் அச்சுப் போட்டே சொன்னார் என்று கத்தப்போனேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். நாடி பார்க்கிறாராக்கும், முகத்தில் ஏதோ தெரிந்திருக்கிறது, இன்றைக்கு நம் கதை முடிந்தது என்று நான் அப்படியே வாயடைத்து நின்றேன்.

"தப்பில்லை" என்று அவளிடம் சொன்னார். "நல்லது."

தேநீர் குடித்துவிட்டு பஸ்ஸுக்கு நடந்தோம். என் நாடி என்ன சொன்னது என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. பஸ் வந்து நின்று கண்டக்டர் எங்களை ஏறச் சொல்லிச் சத்தம் போடும்வரை, அவர் என் கையை விடவேயில்லை.